கிளம்பும்போது சொல்லக் கூடாதவை

1

காலையில் எழுந்ததும் மேற்கு மாம்பலத்தில் என் அக்கா டி.வி.யில் ராசிபலன் கேட்பாள். நான் பனிச்சரிவு அறிக்கை படிக்கிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று என் கணவர் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்! ராசிபலனில் எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்தில், எத்தனை அடி ஆழத்தில் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று போடுவார்களா?

நான் இருப்பது கனடாவின் மேற்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். குளிர்காலம் முழுவதும் தினம் ஓர் அறிக்கை வரும். மலைமேல் கிடக்கும் பனி எப்படி இருக்கிறது, எது உறுதி, எது சரியக்கூடும் என்று சொல்லி, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ஐந்து என்றால் யாரும் போகமாட்டார்கள். ஒன்று என்றால் பயமில்லை. மூன்றுதான் மோசம். போகலாம் போலவும் இருக்கும், கூடாது போலவும் இருக்கும். என் காபி ஆறிப்போவது பெரும்பாலும் மூன்று போட்ட நாட்களில்தான்.

இருபது வருடங்களுக்கு முன்னால் தி.நகரிலிருந்து இங்கே வந்தபோது, பனி என்றால் மார்கழியில் காதை மூடிக்கொள்ள ஒரு காரணம் என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. இன்று ஐம்பத்திரண்டு வயதில், பனியில் சறுக்கும் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, மேலே தூக்கிப்போகும் லிஃப்டும் இல்லாத, வழியும் இல்லாத மலையில் ஏறுகிறேன். ஏறி இறங்கி வந்த சந்தோஷத்தில், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இன்று என் மகள் மதுவுக்கு இருபத்திரண்டாவது பிறந்தநாள். போன வருடம் இதே நாளில் நடந்ததை ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2

மது இங்கே வரும்போது இரண்டு வயது. பத்து வயதுவரை எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னாள். பதினேழு வயதுக்குமேல் எதையும் சொல்வதில்லை. சனிக்கிழமை விடிந்தால் அவளுடைய தோழி மேகனின் வண்டி வாசலில் நிற்கும். இரண்டு பேரும் மலைக்குப் போய்விடுவார்கள். மேகன் இந்த ஊரில் பிறந்தவள், நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு சறுக்கவும் கற்றுக்கொண்டவள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சாயங்காலம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவள் அறையைப் பெருக்கும்போது ஒரு மடக்கு மண்வெட்டியும், நீட்டினால் ஆளுயரத்துக்குமேல் போகிற ஒரு குச்சியும், மார்பில் கட்டிக்கொள்கிற ஒரு சின்னக் கருவியும் கிடைத்தன. எதற்கு என்று கேட்டேன்.

"பனிக்குள்ள புதைஞ்சுட்டா அந்தக் கருவி சிக்னல் கொடுக்கும்மா. மேல இருக்கறவங்க அதை வெச்சு இடத்தைக் கண்டுபிடிச்சு, குச்சியால குத்திப் பார்த்து, தோண்டி எடுப்பாங்க."

"யாரை?"

"என்னை. இல்லன்னா மேகனை."

"எவ்வளவு நேரத்துக்குள்ள?"

"பத்து நிமிஷம். சீக்கிரம் எடுத்தா நல்லது."

தோசைக்கு மாவு கரைப்பதைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று சொன்னால் கேட்கப்போவதில்லை. பத்து நிமிஷத்தில் தோண்டுகிற ஆட்களில் நானும் ஒருத்தியாக இருந்தால் என்ன என்று தோன்றியது. மறுநாளே பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்கு விண்ணப்பம் போட்டேன்.

அந்த விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நம்மூர் இனிஷியலுக்கு எந்தக் கட்டமும் இல்லை. என் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முதலில் அப்பா பெயரை எழுதினேன், அப்புறம் என் பெயரை. விளைவு, வகுப்பில் எல்லோருக்கும் நான் சண்முகம். தி.நகரில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருடம் விற்பனையாளராக இருந்து, ஊட்டியைத் தாண்டிக் குளிர் பார்க்காமல் போய்ச்சேர்ந்த என் அப்பாவின் பெயரை, பனிமலை உச்சியில் வெள்ளைக்காரர்கள் "ஷண்முகம்! மண்வெட்டியைக் கொண்டு வா!" என்று கத்தினார்கள். நான் திருத்தவேயில்லை. அப்பாவை மலையேற்றிக் காட்டுகிற மாதிரி அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பெயரைவிடப் பெரிய கூத்து அடுத்த பக்கத்தில் இருந்தது. 'இதில் நான் காயமடையலாம், இறக்கலாம் என்பதை அறிவேன்' என்று ஏழெட்டுப் பத்திகள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அக்காவிடம் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அடியே விஜி! வெள்ளிக்கிழமை அதுவுமா சாவுன்னு எழுதின பேப்பர்ல கையெழுத்துப் போட்டியா?"

"எட்டு எடத்துல போட்டேன்க்கா."

"வாயைக் கழுவு மொதல்ல. போய் வெளக்கேத்து. பனியில நிக்காத, சளி புடிச்சுக்கும்."

அவளுக்குத் தெரிந்த பனி மாம்பலத்துப் பனி. அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை.

3

வகுப்பில் முதல் நாள் பனியைச் செங்குத்தாகத் தோண்டி வெட்டு முகத்தைக் காட்டினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது! வெளியே பார்த்தால் ஒரே வெள்ளை. உள்ளே அடுக்கடுக்காக மொத்தக் குளிர்காலமும் கிடக்கிறது. நவம்பரில் விழுந்தது அடியில், நடுவே ஒருநாள் வெயில் காய்ந்து இறுகிய மெல்லிய ஓடு, அதன்மேல் காற்று அடித்துச் சேர்த்த கெட்டியான பாளம். ஓர் இடத்தில் கையை விட்டால் மட்டும் ரவை மாதிரி உதிர்ந்தது. அந்த ரவை அடுக்குதான் வில்லன் என்றார் பயிற்சியாளர். மேலே பாளம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அடியில் பிடிப்பு இல்லையென்றால், ஓர் ஆள் மிதித்தாலே மொத்தமும் பெயர்ந்து இறங்கிவிடுமாம்.

எனக்கு உடனே புரிந்தது. தீபாவளி நேரத்தில் அப்பாவின் கடையில் வெள்ளை மெத்தை விரித்து, அதில் புடவைகளைப் பிரித்துப் போட்டுக் காட்டுவார்கள். வழுவழுவென்று இருக்கும் பூனம் புடவைக் கட்டின்மேல் பட்டுப்புடவைகளை அடுக்கினால் போச்சு. பார்க்க அசையாமல்தான் இருக்கும். யாராவது ஓரத்தில் ஒன்றை உருவினால் அத்தனையும் வழுக்கிக்கொண்டு வாடிக்கையாளர் மடியில் வந்து விழும். இதை நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதும் பயிற்சியாளர் கையைத் தட்டினார். அடுத்த வகுப்புகளில் அவரும் இதையே சொல்கிறாராம். புடவை என்றால் என்ன என்று விளக்கவே அவருக்குப் பாதி நேரம் போய்விடுகிறதாம்!

ஒரு சோதனையும் சொல்லிக்கொடுத்தார்கள். பனியில் ஒரு தூண் மாதிரி வெட்டி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில் தூண் வெட்டுப்பட்டு நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். என் தூண் பதினொன்றாவது தட்டில் கத்தியால் அறுத்த மாதிரி நழுவியது. நான் போட்ட சத்தத்தில் மது ஓடிவந்தாள். அவளும் அன்று உதவிக்கு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தமிழும் ஆங்கிலமுமாகக் கலந்து, பனியைப் பற்றி மட்டும்தான். ஆனால் பேசினாளே!

அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை அவர்கள் இரண்டு பேரோடும் மலைக்குப் போனேன். ஜன்னலோர நாற்காலியை நகர்த்திவிட்டு அங்கே காலணி அலமாரியை வைத்தேன்.

4

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தியதும் யாரும் உடனே கிளம்பமாட்டார்கள். வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் இன்று என்ன கெட்டது நடக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் எங்கே புதையலாம், எந்தச் சரிவு பெயரலாம், எனக்கு இன்று எதில் பயம், வரும் வழியில் என்ன பார்த்தேன், எல்லாம். யாராவது ஒருவர் 'எனக்கு ஒப்பவில்லை' என்றால் மற்றவர்கள் எதிர்த்துப் பேசாமல் திரும்பிவிட வேண்டும்.

நான் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் செருப்பு மாட்டுகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. போகிறேன் என்று சொல்லக் கூடாது, போய்ட்டு வரேன். யாராவது தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். 'இல்லை', 'மறந்துபோச்சு', 'போச்சு' ஆகிய மூன்று வார்த்தைகளுக்கும் படியிறங்கும்வரை தடை.

அக்கா கல்யாணம் காஞ்சிபுரத்தில் நடந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. மாப்பிள்ளை வீட்டார் அப்பாவின் கடையிலேயே முகூர்த்தப் புடவை எடுத்து, ரவிக்கை தைக்கச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தார்கள். விடியற்காலையில் வேன் வந்து நின்றதும் அம்மா எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, "கெளம்பும்போது எவளாவது வாயைத் தொறந்தா தோலை உரிச்சிடுவேன்" என்றாள். நான் கடைசியாக வெளியே வந்தேன். பீரோவின்மேல் மஞ்சள் பை இருந்தது. முகூர்த்தப் புடவை இருந்த பை. பார்த்தேன். மறந்துட்டீங்க என்று சொல்ல வேண்டும். அது தடைசெய்யப்பட்ட வார்த்தை. பேசாமல் வந்து வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூரில் டீக்கு நிறுத்தியபோதுதான் அம்மா பைகளை எண்ணினாள். அப்பா அங்கேயே இறங்கி எதிர்ப்பக்கம் வந்த லாரியில் ஏறி ஓடினார். முகூர்த்தம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பையோடு மண்டபத்துக்குள் ஓடிவந்தார். அதுவரை அக்கா மணமகள் அறையில், வேறொரு புடவையைச் சுற்றிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் கண்ணிலும் படாமல் எப்படி விட்டுப்போச்சு என்று இன்றுவரை குடும்பத்தில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.

5

போன வருடம் மதுவின் பிறந்தநாள். வானம் அப்படி ஒரு நீலம்! முந்தின இரண்டு நாள் பனி கொட்டி, இரவெல்லாம் காற்று அடித்து, விடிந்ததும் வெயில். அறிக்கையில் மூன்று. மது பல மாதமாக ஆசைப்பட்ட அகலமான சரிவு ஒன்று உண்டு. பிறந்தநாளுக்கு அதில் இறங்க வேண்டும் என்றாள். "நீயும் வாம்மா, நீ வந்தாத்தான் பர்த்டே" என்றாள். அந்தச் சொல்லுக்கு நான் நெருப்பிலும் இறங்குவேன்.

வண்டியை நிறுத்தியதும் மரங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஒதுங்கினேன். ஒரு மேட்டில் கால் வைத்தபோது அடியில் தொம் என்று ஒரு சத்தம். மொத்தப் பனியும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. என் காலிலிருந்து ஒரு விரிசல் கோடு கிழித்த மாதிரி ஓடியது. அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் சிவப்புப் பேனாவால் கோடிட்டு வைத்திருக்கிறேன். அடியிலுள்ள ரவை அடுக்கு நொறுங்குகிற சத்தம் அது. மலையே வாய் திறந்து எச்சரிப்பது என்றார் பயிற்சியாளர்.

திரும்பி வந்தேன். வட்டமாக நின்றோம். காற்று சேர்த்த பாளத்தைப் பற்றி மேகன் சொன்னாள். வெயில் ஏறுவதைப் பற்றி மது சொன்னாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மதுவின் தொப்பியில் மேகன் ஒரு காகிதப்பூவைக் குத்தியிருந்தாள். பிறந்தநாள் பெண்ணின் முகத்தைப் பார்த்து, கிளம்புகிற நேரத்தில், நீ புதைந்துபோகலாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நல்லபடியா போய்ட்டு வரலாம்" என்றேன்.

இரண்டு மணி நேரம் ஏறினோம். ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தொம் என் காதில் கேட்டது. அது மேட்டுப் பனி, மேலே வேறாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். வாய்க்குள் அந்த வார்த்தை இருந்தது, வெளியே வரவில்லை.

சரிவின் விளிம்புக்கு வந்தோம். ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், அதுதான் விதி. மது பலகையை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, "நான் ஃபர்ஸ்ட். வீடியோ எடும்மா!" என்றாள். பலகையின் நுனி விளிம்பைத் தாண்டி ஆகாயத்தில் நின்றது.

"நில்லுடி!"

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். மேகனுக்குத் தமிழ் தெரியாது, அவளும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் புரிய ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். சத்தம், விரிசல், அது ஓடிய தூரம், எல்லாம்.

மேகன் விளிம்பை விட்டுப் பின்னால் வந்து, மேலேயே பத்திரமான ஓர் இடத்தில் மளமளவென்று தோண்டித் தூணை வெட்டினாள். மண்வெட்டியை வைத்து மணிக்கட்டால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டில் தூண் நழுவி அவள் மடியில் விழுந்தது.

மது கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம்மா. ரெண்டு மணி நேரம் நீ இதை வெச்சுக்கிட்டு என் பின்னாடியே வந்தியா?"

"பொறந்தநாளும் அதுவுமா எப்படிடி சொல்லுவேன்?"

"சொல்லலைன்னா அடுத்த பொறந்தநாள் எனக்கு ஏதும்மா?"

ஏறிய வழியிலேயே, சரிவில்லாத முகட்டின்மேல் மெதுவாகத் திரும்பினோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் சரிவு அன்று விழவில்லை. மத்தியானம் வேறு இரண்டு பேர் அதில் இறங்கி, பத்திரமாக வந்து, எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாண்ட்விச் தின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. பிறந்தநாளைக் கெடுத்துவிட்டேனே என்றேன். மேகன்தான் என் தோளைத் தட்டினாள். அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, நமக்குத் தகவல் இருந்தது என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மது தமிழில், வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"உனக்கு மூச்சு வாங்கினா நான் வெயிட் பண்ணுவேம்மா. நீ ஸ்லோன்னாலும் பரவால்ல. ஆனா பார்த்ததைச் சொல்லாதவங்ககூட நான் மலைக்குப் போக மாட்டேன். அது நீயா இருந்தாலும்."

6

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்குக் காலை ஏழு, அவளுக்கு இரவு எட்டரை. பின்னால் மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது. மலையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்த முடியாமல் அதையும் சொன்னேன்.

"அக்கா, அந்த மஞ்சப் பையை நான் பார்த்தேன்க்கா. பீரோ மேல. பார்த்துட்டுத்தான் வேன்ல ஏறினேன்."

ரயில் சத்தம் முழுதாகப் போய் முடிந்தது.

"அடிப்பாவி" என்றாள் அக்கா கடைசியில். "மாமியார் என்னென்ன பேசினா தெரியுமா? ராசியில்லாதவன்னா. புடவையே தங்காத வீட்டுல பொண்ணு எடுக்கறோம்னா. இன்னி வரைக்கும் அது எனக்குத் தூங்கும்போது கேக்குது."

"அம்மா தோலை உரிச்சிடுவேன்னு சொன்னாக்கா. கெளம்பும்போது கெட்ட வார்த்தை பேசக்கூடாதுன்னு…"

"தெரியும், தெரியும். என்னையும் அப்படித்தானே வளர்த்தா. நானும் உன்னை அப்படித்தானே வளர்த்தேன்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சட்டென்று குரல் ஏறியது. "புடவை போனா அப்பா லாரி புடிச்சு ஓடுவாரு. புள்ள போனா எவன்டி ஓடுவான்?"

நாற்பது வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய நிம்மதியும், அக்காவை அழவைத்த வேதனையும் சேர்ந்து அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

அதற்கப்புறம் மது என்னை உடனே அழைத்துப் போகவில்லை. அவளும் மேகனும் போனார்கள், நான் போகவில்லை. நாற்காலியை மறுபடி ஜன்னலுக்குப் போடத் தோன்றவில்லை. அதற்குப் பதில் தினமும் அறிக்கை படித்துவிட்டு, அன்றைக்கு என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி அவள் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன். முதல் வாரம் படித்தாளா என்று தெரியாது. இரண்டாவது வாரம் ஒருநாள் தாள் திரும்பி வந்தது. 'வடக்குப் பக்கத்துக் காத்தை விட்டுட்ட' என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். இந்தக் குளிர்காலம் தொடங்கியதும், என் அறைக்கு வந்து, "சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று மட்டும் கேட்டாள். நான் குதித்ததில் கணவர் எழுந்துவிட்டார்!

இன்று காலை. மறுபடி நீல வானம், மறுபடி மூன்று. மது பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வாழ்த்துச் சொல்லப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். மதுவுக்கு வாழ்த்து, ஆசீர்வாதம், பாயசம் வைத்தியா என்கிற விசாரணை, எல்லாம் முடிந்தது. நான் எழுந்தேன்.

"சரிக்கா, போய்ட்டு வரேன்."

"இருடி. மொதல்ல கெட்டதைச் சொல்லு."

மது கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து மேற்கேருந்து காத்துக்கா. கிழக்குச் சரிவுல பாளம் கட்டியிருக்கும். அடியில பழைய ரவை இன்னும் கெடக்கு. பத்து மணிக்குமேல வெயில் ஏறிடும், அதுக்குள்ள எறங்கிடணும். எனக்கு எடது முழங்கால் சரியில்ல. இவளுக்குப் பொறந்தநாள், ஆசை ஜாஸ்தி, அதுதான் எல்லாத்தையும்விடப் பயம். பெயர்ந்தா புதைஞ்சிடுவோம். செத்தும் போகலாம்."

அக்கா 'வாயைக் கழுவு' என்று சொல்லவில்லை.

"அவ்வளவுதானா? எதையாவது பாத்துட்டு முழுங்கலையே?"

"இல்லக்கா. எல்லாம் சொல்லிட்டேன்."

"அப்ப சரி" என்றாள் மாம்பலத்திலிருந்து. "போய்ட்டு வாங்க."